வெர்மெந்தினோ என்று ஓர் இத்தாலி வைன், எங்கள் வீட்டு மீன் கறி: ஒத்துப்போகுமா?

பாயான் பாரு அப்பா:

வணக்கம். எனக்குத் தெரிந்த குடி தீபாவளிக்கு ஒரு ஸ்டவுட், அதுவும் ஐஸ் போட்டு. வைன் விஷயத்தில் நான் சுத்த சூனியம். இப்போது அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

மகள் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கே ஆறு மாத வேலையாக ஓர் இத்தாலிக்காரர் வந்திருக்கிறார். சார்டினியா தீவில் ஒல்பியா என்ற ஊராம். தமிழர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று மகளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். புரட்டாசி முடியாமல் மீன் சட்டி அடுப்பில் ஏறாது என்று என் மனைவி சொல்லிவிட்டதால், ஐப்பசி பிறந்து முதல் சனிக்கிழமை ராத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

மனுஷர் முன்கூட்டியே இரண்டு பாட்டில் வெள்ளை வைன் கொடுத்தனுப்பிவிட்டார். லேபிளில் 'வெர்மெந்தினோ தி கல்லூரா', அதற்குக் கீழே 'சுப்பீரியோரே', ஓரத்தில் 13.5 சதவீதம். அவர் ஊர்த் திராட்சையாம், மீனுக்கென்றே பிறந்ததாம்.

மீனுக்குப் பிறந்தது சரி. எங்கள் மீனுக்குப் பிறந்ததா? மனைவி போட்டிருக்கும் பட்டியல் இது: சியாகாப் (கொடுவா மீன்) தலைக் கறி (புளி, கொஞ்சம் தேங்காய்ப் பால், நல்ல காரம்), இறால் சம்பல், கணவாய் பிரட்டல், தெங்கிரி (வஞ்சிரம்) பொரித்தது, வெண்டைக்காய், ரசம், அப்பளம். "எதையாவது குறைக்கலாமா?" என்று கேட்டேன். "வைனுக்காக என் கறியை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் அவர் வைனை மாற்றட்டும்" என்று பதில் வந்தது.

ஆகவே கேள்விகள். இந்தப் பட்டியலில் எதோடு அதைக் குடிக்கலாம்? ஐஸ் போடலாமா? பாட்டில் இரண்டும் இப்போது டிவி அலமாரியில் நிற்கின்றன, அங்கேயே இருக்கலாமா? இன்னொன்று, கார்க்கை எடுக்கும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளிவிட்டால் ஆகாதா?

பெரிங்கி பழைய வெய்ட்டர்:

அண்ணே, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் கார்க் ஸ்க்ரூ பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். உள்ளே தள்ளினால் கார்க் தூள் கிளாஸ் கிளாஸாக மிதக்கும். அந்தக் கல்லூரா பகுதியே கார்க் மரத்துக்குப் பேர்போன இடம். அந்த ஊர் மனுஷர் முன்னால் கார்க்கைக் குத்திக் கொலை செய்யாதீர்கள்.

நான் பினாங்கில் பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில், இத்தாலிச் சாப்பாடு போடும் பகுதியில் பத்தொன்பது வருஷம் தட்டு ஏந்தியவன். எங்கள் ஷெஃப் இத்தாலியின் லிகூரியாக் கரையிலுள்ள ஜெனோவா ஊர்க்காரர். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஊற்றிக் கொடுத்ததும், வாடிக்கையாளர் மிச்சம் வைத்ததும்தான்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். டிவி அலமாரியிலிருந்து பாட்டில்களை இன்றைக்கே இறக்கி ஃபிரிட்ஜில் படுக்க வையுங்கள். நம் ஊர்ச் சூடு இதற்கு ஆகாது. ஒரு தடவை லங்காவியில் வரியில்லாத விலைக்கு இதே வெர்மெந்தினோ இரண்டு வாங்கினேன். ஃபெர்ரியில் கோலா பெர்லிஸ் வந்து, கார் பின்பெட்டியில் வைத்துவிட்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு, பேச்சு, ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் பினாங்கு வந்து பெட்டியைத் திறந்தால், ஒரு பாட்டிலின் கார்க் விரல் நகம் அளவுக்கு மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. ஊற்றிப் பார்த்தேன். வேக வைத்த ஆப்பிள் வாடை. நல்ல எலுமிச்சை வாசம் வர வேண்டிய வைன் அது. வரியில்லாமல் மிச்சம் பிடித்த காசு அந்த வெயிலிலேயே ஆவியாகிப் போனது.

இனி அந்தத் திராட்சை. வெர்மெந்தினோ கடலைப் பார்த்து வளர்வது. சார்டினியா, லிகூரியா, டஸ்கனிக் கரை, பக்கத்தில் பிரான்சின் கோர்சிகா, எல்லாம் கடற்கரைதான். கல்லூரா சார்டினியாவின் வடகிழக்கு மூலை. கருங்கல் பொடிந்த மண், வடமேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கிற மிஸ்ட்ரல் காற்று. 1996இல் அதற்கு இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது. சார்டினியாவில் அந்தச் சான்று உள்ள ஒரே வைன் இதுதான். பாட்டிலில் 95 சதவீதமாவது வெர்மெந்தினோ இருக்க வேண்டும். சுப்பீரியோரே என்று போட்டால் ஆல்கஹால் 13 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உங்களிடம் இருப்பது அவர் ஊரின் நல்ல சரக்கு, பக்கத்துக் கடையில் அவசரத்துக்கு வாங்கியதில்லை. அதை மனதில் வையுங்கள்.

ருசியை எப்படிச் சொல்வது? தம்பூன் பம்ப்ளிமாஸ் உரித்திருப்பீர்கள். தோலைக் கிழிக்கும்போது வருகிற வாசம், அப்புறம் சுளையின் புளிப்பு, கடைசியில் வெள்ளைத் தோல் கொஞ்சம் பல்லில் பட்டால் வருமே ஒரு கசப்பு. அந்த மூன்றும் அந்த வரிசையிலேயே வரும். முடிவில் நாக்கோரத்தில் லேசாக உப்புக் கரிப்பது போலவும் இருக்கும். அந்தக் கசப்பைத்தான் இத்தாலிக்காரர்கள் பாதாம் என்பார்கள். எனக்கு எப்போதும் பம்ப்ளிமாஸ்தான்.

அந்தக் கடைசிக் கசப்பில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உப்பு பட்டால் கசப்பு அடங்கும். எண்ணெயில் பொரித்தது பட்டால் புளிப்பு வாயைக் கழுவிவிடும். ஆனால் மிளகாய் பட்டால் போச்சு. காரத்தை உணர்கிற அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் சீண்டும். 13.5 சதவீதம் சின்னச் சீண்டல் இல்லை. சர்க்கரை பட்டாலும் கெடும், வைன் இன்னும் கசந்து, வெறும் புளிப்புத் தண்ணீராகத் தெரியும். அக்கா இறால் சம்பலில் சீனி போடுவார்கள்தானே? காரமும் இனிப்பும் ஒரே சட்டியில். அதோடு இந்த வைனைக் குடித்தால் உங்கள் விருந்தாளி மரியாதைக்குச் சிரிப்பார், அவ்வளவுதான்.

தெங்கிரிதான் உங்கள் துருப்புச் சீட்டு. மஞ்சள், உப்பு, மிளகுத்தூள் மட்டும் தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள், மிளகாய்த்தூளை அன்றைக்கு மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள். எண்ணெயில் கடைசியாக ஒரு பிடி கறிவேப்பிலை. மேலே லீமாவ் கஸ்தூரி (நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை) பிழிந்தால் வைனின் புளிப்பும் அதன் புளிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு பழத்தின் பாதிக்கு மேல் வேண்டாம். வைனைவிடச் சாப்பாடு புளித்தால் வைன் செத்துப்போகும். அசாம் லக்சா என்ற புளிப்பு மீன் நூடுல்ஸுக்கு முன்னால் இது நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம், அதிலுள்ள பெலாச்சான் (இறால் விழுது) இன்னொரு காரணம். முயற்சி செய்து தோற்றவன் நான்.

கணவாயை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று அக்காவைக் கேளுங்கள். பாதி வழக்கமான பிரட்டல். மீதியை வளையமாக நறுக்கி, அரிசி மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்தால் போதும். சார்டினியாவிலும் லிகூரியாவிலும் இதைத்தான் காகிதத்தில் போட்டுக் கொடுப்பார்கள், கூடவே இதே வைன். தீபாவளி முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டீர்களா? உப்பு முறுக்கு ஒரு தட்டு வையுங்கள். அப்பளமும் சேரும். அவர்கள் ஊரில் பானே கரசாவ் என்று ஓர் அப்பள ரொட்டி உண்டு, இசைக் காகிதம் என்று செல்லப் பெயர். அப்பளத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

தலைக் கறிக்கு வைன் வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், இல்லை உங்கள் ஸ்டவுட்டையே கொடுங்கள். ரசத்துக்கு எதுவும் வேண்டாம்.

ஆக, கறியை மாற்ற வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். நாம் எல்லாவற்றையும் ஒரே இலையில் வைத்துவிடுவோம், அங்கேதான் சிக்கல். அவர் வந்து உட்கார்ந்ததும் சோறு போடாமல், பொரித்ததெல்லாம் ஒரு தட்டில் முதலில் வரட்டும். அந்த அரைமணி நேரம் வைனுக்கு. பிறகு பாட்டிலை மூடிவிட்டுச் சோறு, கறி, சம்பல்.

ஐஸ் கிளாஸுக்குள் வேண்டாம், வெளியே போடுங்கள். சோற்றுப் பானையில் ஐஸ், பாதி தண்ணீர், கைப்பிடி உப்பு. குளிராத பாட்டிலை அதில் இறக்கினால் இருபது நிமிஷம். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் ரொம்பவே குளிர்ந்திருக்கும், வாசமே வராது, அதனால் அதை முதலில் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். 10 டிகிரி பக்கம் இருந்தால் போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், நம் ஊர்க் காற்றில் பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும். எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் சின்னம்மா:

வெய்ட்டர் தம்பி நன்றாகச் சொன்னார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்து வழி, தாத்தா ரயில்வேக்கு வந்தவர். எங்கள் வீட்டில் மீன் சொதி வைப்போம். முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் கீறி (கீறித்தான், நறுக்கி அல்ல), வெந்தயம் பத்து, மஞ்சள். இரண்டாம் பாலில் மீன் வெந்ததும் முதல் பாலை விட்டு, ஒரு கொதி வருவதற்குள் இறக்கி, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிய வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும்.

மகனும் மருமகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது இந்த வெர்மெந்தினோவைத்தான் கொண்டு வந்தார்கள், அங்கேயும் பயிரிடுகிறார்களாம். இடியப்பமும் சொதியும்தான் அன்று சமையல். நான் அரை கிளாஸ்தான் குடித்தேன், ஆனால் இரண்டு தடவை அரை கிளாஸ். தேங்காய்ப் பாலின் வழுவழுப்பை அந்தப் புளிப்பு அறுத்துக்கொண்டு போனது. சியாகாப் தலையைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுத்துண்டு இரண்டைச் சொதிக்குக் கொடுத்துவிடுங்கள் தம்பி. மனைவி கோபித்தால் ஒரு சின்னம்மா சொன்னார் என்று சொல்லுங்கள்.

கள்ளுக்கடை மருமகன்:

இவ்வளவு சட்டதிட்டம் ஒரு திராட்சைத் தண்ணிக்கா? எங்கள் மாமனார் கள்ளுக்கு நெத்திலிக் கருவாடு கடித்துக்கொள்வார், ஐஸ் பானையும் கிடையாது, டிகிரியும் கிடையாது. அது கிடக்கட்டும், நிஜமாகவே ஒரு சந்தேகம். போன மாதம் கோலாலம்பூரில் ஒரு கடையில் வெர்மெந்தினோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இது அதேதான் என்று பிரெஞ்சு பாட்டில் ஒன்றை நீட்டினான், லேபிளில் ரோல் என்று போட்டிருந்தது. 120 வெள்ளி. ஏமாற்றுகிறான் என்று திரும்பி வந்துவிட்டேன். சரிதானே?

பெரிங்கி பழைய வெய்ட்டர்:

மருமகனே, அவர் ஏமாற்றவில்லை. பிரான்சின் புரோவான்ஸில் இதற்கு ரோல் என்றுதான் பேர். இத்தாலிக்குள்ளேயே பியெமோந்தேயில் ஃபவோரிதா, லிகூரியாவின் மேற்குக் கரையில் பிகாத்தோ. எங்கள் ஷெஃபிடம் மட்டும் பிகாத்தோவும் வெர்மெந்தினோவும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது, கரண்டியைத் தூக்குவார். அவர் அப்பா நட்டது பிகாத்தோ, டஸ்கனிக்காரன் நட்டது வெர்மெந்தினோ, இரண்டும் ஒன்றாவது எப்படி என்பார். டிஎன்ஏ சோதனையில் ஒன்றுதான் என்று வந்துவிட்டது. பேச்சை எடுத்தால் சமையலறையை விட்டு வெளியே போய்விடுவார்.

உங்கள் மாமனார் சரியான ஆள். உப்பும் மொறுமொறுப்பும், அதேதான் கணக்கு. கருவாடு வைனுக்கும் சேரும்.

சின்னம்மா, சொதியை நான் மறந்தே போனேன், மன்னியுங்கள். அது என் பட்டியலில் தெங்கிரிக்கு மேலே போக வேண்டியது.

இன்னொரு ஞாபகம் வந்தது. ராத்திரி வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு, மிச்சமிருந்த அரை பாட்டிலோடு நாங்கள் நாலு பேர் சீனர் கடைக்கு ஒ சியென் சாப்பிடப் போனோம். கடைக்காரர் முட்டையை ஊற்றி, மாவு ஓரமெல்லாம் வலை மாதிரி முறுகும்வரை தேய்த்து, நடுவில் சிப்பியைப் போட்டார். மிளகாய் சாஸைத் தள்ளி வைத்துவிட்டு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் குடித்தோம். ஷெஃப் ஒரு வாய் சாப்பிட்டார், ஒரு வாய் குடித்தார், அப்புறம் கடைக்காரரிடம் போய்க் கையைக் குலுக்கினார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, காசு குறைவாகக் கொடுக்கப் போகிறோமோ என்று பார்த்தார். அண்ணே, மறுநாள் ஒரு பாட்டில் மிச்சமிருந்தால் அப்படிச் செய்யுங்கள். நாசி கண்டார் கடைக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள், அது ஹலால் இடம், நமக்கே மரியாதை இல்லை.

பாயான் பாரு அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி விருந்து நடந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டில்கள் அன்றே ஃபிரிட்ஜுக்குப் போயின. கார்க் ஸ்க்ரூ 12 வெள்ளி. பாயான் பாரு பாசாரில் (சந்தையில்) காலை ஆறரைக்கே போய் மீன் வாங்கினோம். சொதியைப் பற்றி மனைவியிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். "யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னார்" என்றதும் முகம் மாறியது, நம்மைவிட நன்றாக வைப்பார்களோ என்ற போட்டி. இரண்டு துண்டு கொடுத்தாள். தெங்கிரியில் மிளகாய்த்தூள் போடவில்லை என்று சொன்னாள். கொஞ்சம் போட்டிருந்தாள், நிறத்திலேயே தெரிந்தது. நான் எதுவும் பேசவில்லை.

ஏழரைக்கு வந்தார். சோற்றுப் பானையில் பாட்டில் மிதப்பதைப் பார்த்துச் சிரித்தார், தன் அப்பாவும் இப்படித்தான் என்றார். வெய்ட்டர் தம்பி, அப்பளம் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை கரசாவ். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினேன். முறுக்கில் ஒரு தட்டு முழுக்கக் காலி. கணவாய் வளையம் எனக்கே கிடைக்கவில்லை. நானும் ஒரு கிளாஸ் குடித்தேன். முதல் மடக்கில் பிடிக்கவில்லை, தெங்கிரியைக் கடித்துவிட்டு இரண்டாவது மடக்கு குடித்தபோது வேறு பானம் மாதிரி இருந்தது. பம்ப்ளிமாஸ் தெரிந்தது, அதை நீங்கள் சொல்லாமல் இருந்தாலும் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

சொதிக்கு அவர் ஒன்றும் பேசவே இல்லை. கரண்டியால் தட்டை வழித்தார்.

பிறகு நீங்கள் சொன்னபடி பாட்டிலை மூடினேன். மனுஷர் கேட்கவில்லை. தலைக் கறிக்கும் சம்பலுக்கும் கிளாஸை நிரப்பிக்கொண்டார். ஒரு வாய் சம்பல், ஒரு மடக்கு வைன். அப்படியே கண்ணில் தண்ணீர், காதெல்லாம் சிவப்பு. மனைவி பதறிப் போய்த் தயிர் எடுத்து வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தயிருக்குப் பிறகு கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, தலைக் கறியில் கன்னத்துச் சதையை விரலாலேயே எடுத்துச் சாப்பிட்டார். அதற்காகவே அவரை மறுபடி கூப்பிடலாம் என்கிறாள் மனைவி.

ஆனால் அந்த ராத்திரியின் பெரிய விஷயம் வேறு. தெங்கிரிக்குள் ஒரு சினை இருந்தது. விருந்தாளிக்கு வைக்கிற பொருளா என்று மனைவி அதை மஞ்சள் உப்பு போட்டுப் பொரித்துத் தனக்கென்று அடுப்படியில் ஒதுக்கி வைத்திருந்தாள். கை கழுவப் போனவர் அதைப் பார்த்துவிட்டார். நின்றுவிட்டார். தன் ஊரில் மடவை மீன் சினையை உப்பிட்டு, அமுக்கி, காய வைத்து பொத்தார்கா என்று செய்வார்களாம், சீவி நூடுல்ஸ் மாதிரியான ஒன்றின் மேல் தூவிச் சாப்பிடுவார்களாம், கூட வெர்மெந்தினோ இல்லாமல் அவர் அம்மா அதைத் தட்டில் வைக்க மாட்டாராம். மகள் மொழிபெயர்க்கப் பெயர்க்க, மனைவி அந்தச் சினையைத் தட்டோடு அவரிடம் கொடுத்தாள். மூடி வைத்த பாட்டிலை அவரே போய்த் திறந்துகொண்டு வந்தார். எல்லாரும் அடுப்படியில் நின்றபடியே பங்கு போட்டுச் சாப்பிட்டோம். என் மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக வைன் குடித்தாள், ஒரு மடக்கு. "கசக்குது" என்றாள். பிறகு சினையைக் கடித்தாள். பிறகு இன்னொரு மடக்கு கேட்டாள்.

இப்போது எனக்கு வந்திருக்கும் உத்தரவு: பாசாரில் மடவைச் சினை கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மலாய்க்காரர்கள் பெலானாக் என்று சொல்லும் அதே மீன்தானே? யாராவது பினாங்கில் சினையோடு வாங்கியிருக்கிறீர்களா? வெயிலில் காய வைத்தால் பூனை விடுமா?

கள்ளுக்கடை மருமகன்:

அதே மீன்தான் அண்ணே. செபராங் பிறைப் பக்கம் மீன் இறக்கும் இடத்தில் விடியற்காலையில் நேராகக் கேட்டால் சினையோடு எடுத்து வைப்பார்கள், பாசாருக்கு வருவதற்குள் கழித்துவிடுவார்கள். பூனைக்குக் கருவாட்டுக்காரர்கள் செய்வதுதான், மேலே பழைய வலை கட்டுங்கள். நான் வருகிறேன், அந்த 120 வெள்ளி பாட்டிலையும் வாங்கிக்கொண்டு.